பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு கண்

மூன்று கொட்டேஷன் வந்தது.
மோட்டார் ரூம் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்தேன்.
கொட்டிவாக்கம் காற்று முதல் ராத்திரியே
ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போனது,
விலை குறைந்ததை.

பழைய இண்டர்காம் செத்து இரண்டு வருஷம்.
பொத்தானில் உப்புப் பூத்து
2ஏ-வை அமுக்கினால் 4சி-யில் அடித்தது கொஞ்ச நாள்,
அப்புறம் எதை அமுக்கினாலும் அடிக்கவில்லை.
வருகிறவர்கள் கேட்டில் நின்று போன் பண்ணுவார்கள்.
எடுக்காவிட்டால் பேரைச் சொல்லிக் கத்துவார்கள்.
யார் வீட்டுக்கு யார் என்று
தெருவுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு
இம்தியாஸ் டெமோ பெட்டியோடு வந்தார்.
ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகுமாம்.
வீட்டுக்கொரு திரை. வேண்டுமானால் போனில் ஆப்.
துபாயிலிருந்தே கதவைத் திறக்கலாம்.
"துபாய்ல இருந்து எதுக்குப்பா திறக்கணும்?"
திருஞானம் பொருளாளர்.
அவருக்கு எல்லாத் திறப்பும் செலவுதான்.

"பிதாம்பர், நீ வெளியாள் மாதிரி நில்லு" என்றோம்.
ஆறு வருஷமாக உள்ளே நின்று
வெளியாளைப் பார்த்தவர்
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்.
அமுக்கினார். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.
முதுகுக்குப் பின்னால் கடற்கரைச் சூரியன்.
திரையில் முகம் இருந்த இடத்தில்
அடுப்புக்கரி.

இம்தியாஸ் எதையோ திருகினார்.
கரி விலகி மூக்கு வந்தது, கண் வந்தது.
"பல் கூடத் தெரியுது" என்று கைதட்டினார் ஒருவர்.
ஐந்தடி உயரத்தில் பொருத்தலாம் என்றார்கள்.
1சி கீர்த்திகா சக்கர நாற்காலியில் வந்து அமுக்க,
திரையில் அவள் வகிடு மட்டும்.
மூன்றே முக்காலடி என்று சாக்பீஸால் கோடு போட்டோம்.
மழைத்தண்ணீர் அங்கே வருமா என்றதற்கு
வராது என்று யாரும் சொல்லவில்லை.

பெயர்ப் பட்டியல் கேட்டார் இம்தியாஸ்.
வீட்டு எண், தலைவர் பெயர், திரையில் வரும்.
முப்பது நாள் பதிவு, கிளவுடில்.

3பி பிலோமினா அதுவரை
படிக்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.
"பதிவை யார் பார்ப்பாங்க?"
செயலாளர், என்றார்.
"சொந்தக்காரங்கன்னு சொல்லி வந்து கேட்டா?"
இம்தியாஸ் என்னைப் பார்த்தார்.
நான் பிதாம்பரைப் பார்த்தேன்.

போன ஐப்பசி மழையில்
ஒரு ஆள் ரெண்டு மணி நேரம்
அவள் பேரைச் சொல்லிச் சொல்லி நின்றான்.
பிதாம்பர் குடையை விரித்துக்கொண்டு போய்
தன் உடைந்த தமிழில் சொன்னார்:
"அந்தப் பேர் இங்க இல்ல சார்."
மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொன்னார்.
மூன்று கொட்டேஷனிலும்
அந்தப் பொய்யைச் சொல்லும் மாடல் இல்லை.

இரண்டாவதை எடுத்தோம்.
பதினெட்டாயிரம் கூட. திருஞானம் ரெண்டு நாள் பேசவில்லை.
திரையில் எண் மட்டும், பேர் கிடையாது.
பதிவு மூன்று நாள், கட்டிடத்துக்குள்ளேயே,
என் ஹாலில், ஷூ ரேக்குக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டியில்.
வெயிலுக்குத் தகரத்தில் ஒரு புருவம்.
பிதாம்பர் சம்பளத்தை
இதைக் காட்டிக் குறைப்பதில்லை என்று
மினிட்ஸில் எழுதினேன்.

மீன்காரம்மா இன்னும் பொத்தானைத் தொடவில்லை.
சங்கராஆஆ என்று அவள் இழுத்தால் போதும்,
நாலு பால்கனி திறக்கிறது.

வியாழன் ராத்திரி பதினொன்றரை.
சுவருக்கு அந்தப் பக்கம் 3பி-யில் மணி.
ஒன்று. இரண்டு. அவள் எடுக்கவில்லை.
ஐந்து. பார்த்துக்கொண்டு நிற்கிறாள் போல.
ஏழாவதில் கீழே கேட் 'டக்' என்றது.

யார் என்று தெரியாது.
என் ஹாலில்தான் பெட்டி,
கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்.
பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.
வெள்ளி. சனி.
ஞாயிறு ராத்திரி
அதன் மேல் வேறு ஏதோ பதிவாகியிருக்கும்,
தெருநாயோ, பால்காரரோ.