நேர்கோட்டுத் தூரம்

தரகர் தவேந்திரராசா முதலில் கேட்டது
எத்தனை அறை வேணும் என்றல்ல.
"புள்ளைக்கி இப்ப என்ன வயசு?"
ஒன்றரை என்றேன்.
"பிந்திட்டீங்க தங்கச்சி.
கலியாணத்துக்குப் பதியக்குள்ளயே
இடாப்புலயும் பதிஞ்சிரிக்கணும்."

செட்டிபாளையத்தில் எனக்குச் சீதனமாய் எழுதிய
கல்வீடு இருக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணறு.
அதை ஒரு வங்கிக்காரருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டுக்
கல்லடியில்
உவர்க் கிணறும் ஒழுகும் சீற்றுமாய்
ஒன்பது பேர்ச்சில் ஒரு வீட்டுக்கு
அதன் பெறுமதியில் இரண்டு மடங்கு கொடுத்தோம்.
விற்ற பெலிசியா அக்கா
கூரையைப் பற்றி ஒன்றும் பறையவில்லை.
பள்ளிக்கூடம் இருக்கும் திசையை மட்டும்
கோபுரம் காட்டுவதுபோல் காட்டினாள்.

வரைபடத்தை மேசையில் விரித்து
விநோதரூபன் கவராயத்தின் முள்ளைப்
புளியந்தீவில் குத்தினார்.
அது அதிபரின் அலுவலக வாசலாம்.
பென்சில் முனை வாவியைத் தாண்டி வந்து
எங்கள் கிணற்றடியை உரசிக்கொண்டு போனது.
ஆயிரத்து நூற்று எண்பது மீற்றர்.
மூன்று பேரும், தரகரும் சேர்த்துத்தான்,
மூச்சு விட்டோம்.

நேர்கோட்டுக்கு நீந்தத் தெரியும்.
மகன் போகப்போவதோ
பாலத்தில் ஏறி, அரசடியால் கிறுகி,
மறுகா இன்னொரு பாலம். நாலு கிலோமீற்றர்.
சுற்றறிக்கை அதைக் கேட்கவில்லை.

"அளக்கிறது முன்வாசல்ல இரிந்துதான்" என்றார் தரகர்.
"வாசல வாவிப்பக்கம் மாத்துங்க,
பதினொரு மீற்றர் லாபம்."
மேசன் வந்து மேற்குச் சுவரை உடைத்தார்.
பழைய வாசலுக்குப்
பின்கதவு என்று பெயர் வைத்தோம்.
இப்போது எங்கள் வீடு
தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.
வருகிறவர்கள் எல்லோரும் பின்கதவால் வருகிறார்கள்.
முன்வாசலைத் தட்டுவது
வாடைக்காற்று மட்டும்.

காசெல்லாம் கட்டி முடிந்த பிறகுதான் தெரிந்தது,
ஒழுங்கை முடியுமிடத்தில் ஒரு பள்ளிக்கூடம்.
நாற்பத்தொரு பிள்ளைகள், ஒரு நாவல் மரம்.
பெரிய பள்ளிக்கூடத்தைவிடக் கிட்டவாய்
இன்னொன்று இருந்தால்
ஐந்து புள்ளி வெட்டுவார்களாம்.
முன்வீட்டுக் குலமணியின் மகள் அங்கேதான்.
குலமணிக்கு இந்தக் கணக்கொன்றும் இல்லை.
"மணி அடிச்சாப் பிறகு சீப்பெடுத்தாலும்
நேரத்துக்குப் போகலாம்" என்று சிரிப்பாள்.

பிள்ளைகள் குறைவு, மூடப்போகிறார்கள் என்று
ஒருநாள் மீன்கடையில் கதை.
பாரையை நிறுக்கக் கொடுத்துவிட்டு
மனதுக்குள் ஐந்தைக் கூட்டினேன்.
எழுபத்தாறு. எண்பத்தொன்று.
பக்கத்தில் குலமணி நின்றாள்.
மிச்சக்காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூடவில்லை.

நேற்றுப் பின்னேரம் பரிசோதிக்க வந்தார்கள்,
இரண்டு ஆசிரியர்கள், ஒரு கோப்பு.
உறுதி, மின்பட்டியல், தண்ணீர்ப் பட்டியல்,
ஜி.எஸ். ஒப்பம், இடாப்பின் பிரதிகள்.
குளியலறையில் பற்தூரிகைகளை எண்ணினார்கள்.
அலுமாரியைத் திறந்து
சின்னக் காற்சட்டைகளைத் தொட்டுப் பார்த்தார்கள்,
ஈரம் இருந்தால் இன்னும் நம்புவார்கள்போல.
ஒருவர் வாவிப்பக்க வாசலில் நின்று
தேயாத படியைப் பார்த்தார்,
படி வரைக்கும் வளர்ந்த புல்லைப் பார்த்தார்,
ஒன்றும் எழுதவில்லை.

"புள்ள எங்க?"

கையை நீட்டத்தான் வேண்டியிருந்தது.
ஒழுங்கை முடிவில்,
பூட்டிய படலைக்கு உள்ளே,
யதுஷன்
வாயெல்லாம் ஊதாவாய்க்
குலமணியின் மகளோடு
ஊஞ்சலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"வேலியில ஒரு ஓட்டை இரிக்கி" என்றேன்.
அவர் அதை எழுதிக்கொண்டார்.