பூஜ்ய ரூபாய்ச் சீட்டு

மூன்றாம் வருஷம், ஐந்தாம் செமஸ்டர்,
விருப்பப் பாடம்: குவாண்டம் இயக்கவியல், இரண்டாம் தாள்.
பதினொரு பேர் எழுதிக்கொடுத்தோம்.
முதல் இன்டர்னல் முடிந்தபோது ஆறு பேர்.
மற்றவர்கள் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போய்விட்டார்கள்,
ஈயப்பற்று வாசனைக்கு.

பாளையங்கோட்டையின் மூன்று மணி வெயில்
கரும்பலகையின் இடது பாதியைத் தின்றுவிடும்.
மிச்சப் பாதியில் எழுதுவார் ஹெப்சிபா மிஸ்,
எழுதி, அழித்து, அழித்ததன் மேலேயே எழுதி.
அடைப்புக்குறியை நடுவில் பிளந்தால்
இடது துண்டு பிரா, வலது துண்டு கெட் என்றார்.
ஆறு தலையும் டெஸ்க்குக்குள் குனிந்தன.
"சிரிச்சு முடிங்கட்டி, ரெண்டு நிமிஷம் தாரேன்"
என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவர் தோளும் குலுங்கியது.

சீரிசை அலையியற்றிக்கு ஓர் ஏணி உண்டு.
ஏற்றும் செயலி ஒன்று, இறக்கும் செயலி ஒன்று.
படிகளுக்கு நடுவே கால்வைக்க இடமில்லை.
ஆகக் கீழ்ப்படியின் பெயர் பூஜ்யம்:
|0⟩
அங்கேயும் அரைப்பங்கு ஆற்றல் கிடக்கும்,
யாராலும் எடுக்க முடியாத அரை.

அதையும் இறக்கினால்?
நான் எழுதியிருந்தேன்: மறுபடியும் பூஜ்யப்படிதான்.
தரைக்குக் கீழே எங்கே போக?
சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில்,
"படி வேறு, பூஜ்யம் வேறு."
இரண்டு மார்க் போச்சு.
ஜுலைகாவுக்கும் அதே வரியில் போயிருந்தது.
அவள் சண்டைக்குப் போய் அரை மார்க் வாங்கி வந்தாள்.
எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.
சுழியும் சுழியும் சுழிதானே என்று
அஞ்சே முக்கால் வண்டியில் ஏறினேன்.

மேலச்செவல் போகும் சாதாக் கட்டண பஸ்.
பொம்பளையாட்களுக்குக் காசில்லை.
கண்டக்டர் சுடலைமுத்து மெஷினைத் தட்ட
அது நாக்கை நீட்டியது: கட்டணம் ரூ. 0.00.
அதன் முதுகில் பென்சிலால்
அந்தத் தப்பு வரியை இன்னொரு தரம் எழுதிப் பார்த்தேன்.
அப்போதும் சரியாகத்தான் தெரிந்தது.

மேலப்பாளையத்தில் ஜுலைகா இறங்கினாள்.
கூட்டம் ஏறும்வரை எஞ்சினை அணைக்கவில்லை.
எங்கும் போகாத பஸ்ஸின் கண்ணாடி
தன் சட்டத்துக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.
அப்போதே புரிந்தது என்று சொல்லமாட்டேன்.
பல் கூசியது, அவ்வளவுதான்.

முன்னீர்பள்ளத்தில் செக்கிங் ஏறியது.
"சீட்டை எடும்மா."
கையில் இல்லை. பையில் இல்லை.
டிபன் மூடிக்கு அடியில் தயிர்தான் இருந்தது.
"சும்மா டிக்கெட்தானே சார், பூஜ்யம் ரூவா."
அவருக்கு வியர்த்திருந்தது, எரிச்சலில்லை.
"பூஜ்யம்னு அடிச்சா நீ ஏறியிருக்கன்னு அர்த்தம்.
அதுக்குக் கவர்மென்டு எங்களுக்குக் காசு தருது.
சீட்டே இல்லன்னா நீ வண்டியிலயே இல்ல.
நீ இருக்கியே. அப்போ அவருக்கு மெமோ."

சுடலைமுத்து வாயைத் திறக்கவில்லை.
விசிலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.
துடைத்ததையே துடைத்தார்.
நான் நோட்டை உதறினேன், ஹால் டிக்கெட்,
கோந்து காய்ந்த கிராஃப் தாள், பேருந்தெல்லாம் பார்க்க.
கடைசியில் விடைத்தாளின் மடிப்புக்குள்,
சிவப்பு வட்டத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.
அவர் திருப்பிப் பார்த்தார்.
"என்ன இது, ஃபோன் நம்பரா?"
"கணக்கு, சார்."
"சீட்டுல கணக்கு எழுதப்பிடாது"
என்று ஒரு ஓரத்தைக் கிழித்துத் தந்தார்.

தருவை தாண்டி வயலில் இருட்டு இறங்கியபோது
சமன்பாட்டின் வலது பக்கத்திலிருந்து
கோட்டையும் கூர்முனையையும் நகத்தால் சுரண்டினேன்.
படி போனது. இப்போது அங்கே
வெறும் பூஜ்யம், யாரும் ஏறாதது.
திருப்பினால், சுரண்டிய சூட்டில்
முன்பக்கம் 0.00 மேல் கறுப்பாக ஒரு தீற்றல்.
மையில்லாத தாள் அது, தேய்த்தால் கறுக்கும்.

இரண்டு மார்க்கை நான் கேட்கப் போவதில்லை.
ஜுலைகாவின் அரை மார்க்கைப் பற்றியும்
மிஸ்ஸிடம் பேசுவதாக இல்லை.
மேலச்செவலில் நான் இறங்கியதும்
சுடலைமுத்து விசில் அடித்தார்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக.