அ, ஆ

லெம்விக் நகர நூலகத்தின் நிலவறையில்
மாதம் ஒரு வியாழன் கூடுகிறார்கள்.
அன்று வெளியே
ஃபியோர்டிலிருந்து ஏறிவந்த காற்று
சைக்கிள்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டிருந்தது.
உள்ளே ஐந்து நாற்காலி, ஒரு கறுப்புத் திரை,
திரைக்குப் பின்னால் நான்.

ஆம்ப்ளிஃபையர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
நூலகச் சாவி என்னிடம் இருக்கிறது,
அதனால் விசையும் என்னிடம் வந்தது.
பூவா தலையா போட்டு
பூ விழுந்தால் அ,
தலை விழுந்தால் ஆ.
தும்மக்கூடாது. வேறு நிபந்தனை இல்லை.

அ
பிரெபன் தன் படகை விற்று வாங்கியது.
வால்வு வைத்தது. சூடேற இருபது நிமிடம்,
அதுவரை அதன் எதிரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.
ஆ
ஏதோ கடையை மூடும்போது
ஈவர் பேரம் பேசித் தூக்கிவந்த சாம்பல் பெட்டி.
ஒரு மூலை நசுங்கியிருந்தது.

இசை ஒன்றுதான்.
ஒரு பெண் தனியாக செல்லோ வாசிக்கிறாள்,
வில்லை வைக்குமுன் அவள் மூச்சிழுப்பது கேட்கும்.
பன்னிரண்டு முறை இழுத்தாள்.

தாள்களைப் பிறகு படித்தேன்.

பல் மருத்துவர் குட்ரூன்:
ஐந்தாவது ஈறில் கூசுகிறது.

மெட்டே, மூன்றாவதில்
அவள் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றும்
நான்காவதில் இரும்பு என்றும்.

ஈவர்
முப்பது வருடம் கப்பல் பட்டறையில் தகடு அடித்தவர்.
கீச்சென்ற ஒலி எதுவும் இனி எட்டாது என்று
மருத்துவமனையே எழுதிக்கொடுத்திருக்கிறது.
அவர் எழுதியது:
ஏழாவதில் பட்டு இருக்கிறது. மற்றதில் இல்லை.

பிரெபன் நிறைய எழுதி, எல்லாவற்றையும் அடித்து,
கீழே ஒரே வரி:
ஒன்பதாவது என்னுடையது.
பள்ளி விடும் நேரத்துக் கூச்சலில்
தன் பிள்ளை அழுவதைப் பிரித்தெடுத்தவர் போல.

புதிதாக வந்த மால்தே:
எல்லாம் ஒன்றுதான். பசிக்கிறது.
சிரித்தார்கள். காது பழகவேண்டும் தம்பி என்றார்கள்.
திரையின் மடிப்பு வழியே பார்த்தேன்,
அவன் கேட்கவே இல்லை,
முழு நேரமும் மொபைலில்தான் இருந்தான்.

எல்லோரும் கோட்டு மாட்டப் போன பிறகு
வயர்களைச் சுருட்டினேன்.
செல்லோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
விசை அ-வில்.
அ-வின் வயரை உருவினேன்.
செல்லோ நிற்கவில்லை.

விசையைத் திருப்பினேன். டிக்.
மறுபடி. டிக்.
உள்ளே ஏதோ ஸ்பிரிங் எப்போதோ செத்திருந்தது,
சத்தம் மட்டும் வேலைக்கு வந்திருக்கிறது.
மாலை முழுதும் நசுங்கிய பெட்டி மட்டுமே பாடியிருக்கிறது.
வால்வுகள்
யாருக்கும் இல்லாமல் சிவந்து எரிந்துகொண்டிருந்தன.

மாடிப்படியில் பிரெபன் குரல்:
ஒன்பதாவது, ஈவர், ஒன்பதாவது!
படகு விற்றதிலிருந்து
அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.
ஈவர் எதிர்த்துப் பேசவில்லை.
கேட்டிருக்காது என்றும் சொல்லலாம்.

நாணயத்தைப் பைக்குள் போட்டேன்.
ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டேன்,
முதன்முறையாக அந்தப் பக்கம்.
கைக்கெட்டும் தூரத்தில் விசை.

தெரிந்துகொண்டேதான் திருப்பினேன்.
ஒரே பெட்டி, ஒரே வயர், ஒரே பெண்.
அ என்றபோது மூச்சைச் சட்டென முடித்தாள்.
ஆ என்றபோது
இன்னும் கொஞ்சம் வைத்திருந்தாள்,
அறையின் அந்த மூலைவரை.
இன்னொரு முறை. ஆமாம்.
ஆ-தான் எனக்குப் பிடித்தது,
சத்தியமாக.

அடுத்த வியாழனுக்குள் விசையைச் சரிசெய்ய வேண்டும்.
ஆல்போர்க் சாலையில் ஒரு கடை இருக்கிறதாம்.
எண் மேஜையில் கிடக்கிறது.
இன்னும் கூப்பிடவில்லை.