வெயிலா, மேகமா, டியூப்லைட்டா

செக்கானூரணி முக்கில் என் ஃப்ளெக்ஸ் கடை.
ஆறுக்கு நாலு, எட்டுக்கு ஆறு.
கண்ணீர் அஞ்சலிக்கும் காதுகுத்துக்கும்
ஒரே ரேட்டு.

விருமாயி ஒரு ஹார்ட் டிஸ்க்கைக்
கோழிக்குஞ்சு மாதிரி துண்டில் சுற்றி வந்தாள்.
"எங்க அண்ணன் ஒச்சப்பன் போட்டோ
இதுக்குள்ளதான் கெடக்கணும்.
வெள்ளிக்கெழம மொத வருசம்.
நல்லதா ஒண்ணு எடுத்துப் போடு."

திறந்தேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
அத்தனையும் முகமில்லாத வெள்ளைத் தாள்கள்.
வாலில் மட்டும் சி.ஆர்.டபிள்யூ.
இரண்டாயிரத்து ஐந்தில்
ஒச்சப்பன் தவணைக்கு வாங்கிய கேமரா
பேசிய பாஷை அது.
என் கம்ப்யூட்டர்
கதவைப் பாதி திறந்து
அப்படி யாரும் இங்கே இல்லை என்றது.

"பச்சைக் கோப்பு" என்று விளக்கினேன்.
"கேமரா பிடிச்ச வெளிச்சத்த
அப்படியே போட்டு வச்சிருக்கு.
வேக வச்சாத்தான் படம்."
"அப்ப வேக வையி" என்றாள்
ஸ்டூலை இழுத்துப் போட்டு.

எங்கேயோ யாரோ
காசு வாங்காமல் எழுதி வைத்த ஒரு மென்பொருள்
கடைசியில் அதைப் படித்தது.
ஜேபெக்காக வந்து விழுந்தன ஒவ்வொன்றாக:
தாய்மாமன் மடியில் அலறும் பிள்ளை, பச்சை.
சீர்த்தட்டு வாழைப்பழம், பச்சை.
மாலை போட்ட கிடா,
கிடாவைப் பிடித்திருந்தவர் மீசை,
பந்தலுக்குப் பின்னால் நாகமலை,
எல்லாம் அரைத்த முருங்கைக்கீரை.
பச்சை என்று நான் சொன்னதை
இப்படியா எடுத்துக்கொள்வது?

வெள்ளை எது என்று தெரியவில்லையாம் அதற்கு.
என்னைக் கேட்டது:
வெயிலா, மேகமா, டியூப்லைட்டா, குண்டு பல்பா?
கருமாத்தூர் மண்டபத்தில்
என்றோ ஒரு ஆவணியில் எரிந்த விளக்கை
நான் எங்கே கண்டேன்.

ஒச்சப்பனை எதிலும் காணோம்.
எடுத்தவன் எப்படி உள்ளே இருப்பான்?
ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும்
முதல் படம் ஒரு கை.
வெளிச்சம் பார்க்க
லென்சுக்கு முன்னால் விரித்த உள்ளங்கை.
சுண்டுவிரலுக்குக் கீழே
நாலு தையல் தழும்பு.

"கரும்பு வெட்டுனப்ப" என்றாள் விருமாயி.
வேறொன்றும் சொல்லவில்லை.

"இதையே பெருசாப் போட்ருவமா?"
"கிறுக்கா ஒனக்கு?
கச்சி ஆபீசுன்னு நெனச்சு
சீட்டுக் கேக்க வந்துருவாய்ங்க."
இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

அப்புறம் சொன்னேன்,
"ஒங்கையக் கொண்டா.
இப்படி, திரைக்குப் பக்கத்துல."
அவள் கையைப் பார்த்துக்கொண்டே
அவன் கையை நகர்த்தினேன்.
பச்சை குறைந்தது. சிவப்பு ஏறியது.
"போதும் போதும், அவ்வளவு செவப்பு இல்ல.
மஞ்சளக் கொற.
ஆள்காட்டி வெரல்ல பீடிக் கறை தெரியணும்.
இன்னும் கொஞ்சம்.
என் கையவிட ஒரு சுத்து கறுப்பு அவன்.
இன்னும்...
நிப்பாட்டு."

நிப்பாட்டினேன்.
ஐந்து விரல் திரைக்கு உள்ளே,
ஐந்து விரல் வெளியே.
அவள் உடனே கையை எடுக்கவில்லை,
எனக்கும் எடுக்கச் சொல்லத் தோன்றவில்லை.

அந்தக் கை நின்ற எண்ணையே
மற்றதற்கெல்லாம் கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன்.
இரவு கரண்டு போய்
எண்ணூற்று எழுபத்தேழில் நின்று
விடிந்து நான் வந்து மறுபடி தட்டியதும் ஓடியது.
ஏழு எம்பி இரண்டு எம்பி ஆனது.
கண்ணுக்குத் தேவைப்படாததைக் கழித்துவிடுமாம்.
முப்பத்தொன்பது கோப்புகள்
என்ன செய்தும் திறக்கவில்லை.
திறந்தவற்றில் கிடா பழுப்பு,
பிள்ளையின் காதில்
ஒரு பொட்டு ரத்தம் சிவப்பு.

பேனருக்கு வாக்காளர் அட்டைப் படம்தான்.
நகக்கண் அளவு முகத்தை
நாலடிக்கு இழுத்ததில்
கன்னமெல்லாம் கட்டம் கட்டமாய்.
தேய்த்துச் சரிசெய்து
பின்னால் வழக்கமான மேகம் வைத்தேன்.

"வேக வச்சதுக்கு எரநூறு" என்றேன்.
"கம்ப்யூட்டர்தான வச்சுச்சு,
ராத்திரி பூரா நீ தூங்கத்தான செஞ்ச?"
நூற்றைம்பதை மேசையில் வைத்து
டிஸ்க்கை மறுபடி துண்டில் சுற்றினாள்.
"தொறக்காத அந்த முப்பத்தொம்போதயும்
அழிச்சிராத.
பச்சையாவே இருக்கட்டும்."
உசிலம்பட்டி பஸ் நகர ஆரம்பித்திருந்தது.
கையைக் காட்டி நிறுத்தினாள்.