எழுத்துப் போடும்போது

மொட்டைமாடியில் ஆறடி டிஷ்.
கீழக்கரை உப்புக்காற்று அதன் விளிம்பைத் தின்கிறது.
வாடை அடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.
நான் மேலே போய்த் திருப்ப வேண்டும்,
கீழேயிருந்து சுலைகா கத்துவாள்:
"வந்துட்டான், வந்துட்டான், விடுங்க."

ஷாம் நாட்டு நாடகம், நோன்புக்கு நோன்பு முப்பது ராத்திரி.
எனக்குப் பேச்சு புரியும்,
சார்ஜாவில் ஹலபுக்காரர் ரொட்டிக்கடையில்
பதினொரு வருசம் மாவு பிசைந்ததில் ஒட்டிக்கொண்ட அரபி.
ஓடுகிற எழுத்தைப் பிடிக்கத் தெரியாது.
அவள் ஏழு வயதில் ஓதி முடித்தவள்.
எந்த வேகத்தில் ஓடினாலும் கூட்டிவிடுவாள்,
அர்த்தம்தான் தெரியாது.
இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாகப் பார்க்கிறோம்.

நாஜி கஸ்ஸார்.
ஜபரும் ஜேரும் இல்லாத பெயரை
அவள் முதல் தடவை கிஸார் என்று வாசித்தாள்.
எங்கள் வீட்டில் அவன் கிஸார்தான்.

அந்த வருசம் எழுத்துப் போடும்போது பதினேழாவது பெயர்.
அடுப்புக்குப் பின்னால் நின்று ஒரு தட்டை நீட்டினான்.
வசனம் கிடையாது.
விரல் நுனி மடங்கியதைக் காட்டிச் சொன்னேன்,
இவன் நிஜமாகவே அடுப்பில் நின்றவன்.

மூன்றாம் வருசம் ஒன்பதாவது, ஒரே ஒரு வரி:
ஸக்கிர் இல்பாப். கதவைச் சாத்து.
அதை அவன் சொன்ன சொல்லில்
சாத்தினால் திறக்காத கதவு ஒன்று இருந்தது.
சுலைகா இன்றும் மீன்காரர் போனதும்
பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்கிறாள்.

அப்புறம் நான்காவது. அப்புறம்
திரையில் தனியாக, முதலாவதாக.
தெருவுக்குத் தலைவன், இடுப்பில் கத்தி,
மூன்றாம் நாளே இடப்பக்கம் கிளம்பிய ஒட்டுமீசை.
எந்த நாடகத்திலும் இருபத்தேழாம் இரவில் சாவான்,
முப்பதாவது கல்யாணத்துக்கு வேண்டுமல்லவா.
அன்று ஊரே பள்ளிவாசலில்.
அவன் ஏழு சாவையும்
சஹருக்குச் சோறு ஆக்கும்போது
மறு ஒளிபரப்பில்தான் பார்த்தோம்.

சண்டை வந்தது.
அந்த நோன்பில் மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்,
மறுநாளும் வாசித்தாள்.
இல்லை.
ஏதோ சொல்லிவிட்டான் என்றார்கள்,
சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்றார்கள்.
ஹலபுக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.
"என் வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று கேள்,
அப்புறம் அவனைக் கேள்" என்றார்.
அதன்பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

நெய் டப்பாவோடு ஒரு விளம்பரம்.
பிறகு நீண்ட நாள் ஒன்றுமில்லை.
ஒருநாள் துருக்கி நாடகத்தில்
பச்சைக்கண் பணக்காரன் ஒருவன் வாய் திறந்தான்,
உள்ளேயிருந்து இவன் குரல்.
கிஸார், என்றேன்.
"பேரு எங்க?" என்றாள்.
குரல் கொடுத்தவர்களுக்கு எழுத்துப் போடுவதில்லை.
அந்த நாடகம் முடியும்வரை
என்னை அவள் முழுசாக நம்பவில்லை.

திரும்பி வந்தபோது கடைசிப் பெயர்,
எல்லோரும் ஓடி முடிந்தபின்
முன்னால் ஒரு 'வ' போட்டு, தனியாக.
நாற்காலியை விட்டு எழுந்திருக்காத கிழவன் வேஷம்.
கால் வலி வேஷமில்லை என்று எனக்குத் தோன்றியது.
"கடைசியும் தனியாத்தானே வருது" என்றாள் சுலைகா.

இந்த வருசம் நோன்பு திறந்து
கஞ்சிக் கிண்ணம் கையில் இருக்கும்போது
திரைக்கு அடியில் சிவப்புப் பட்டையில் ஒரு வரி ஓடியது.
நான் இன்னும் முதல் எழுத்தில் நின்றேன்.
அவள் வாய்விட்டு வாசித்தாள்:
இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.
பிறகு அந்தப் பெயர்.

இத்தனை வருசத்தில் அந்தத் திரையில்
எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்தது
அது ஒன்றுதான்.

மேலே டிஷ் காற்றில் முனகியது.
கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு
"இன்னைக்குப் பன்னண்டாம் நோம்புதானே"
என்றாள்.