குடும்பப்பெயர் என்றொரு கட்டம்

வாலிநோக்கம் விலக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
ஆதார், பட்டா, முதியோர் பணம், பாஸ்போர்ட்.
நர்சிங் முடித்துப் பூமயில் வந்தாள்.
வெளியே சைக்கிளைப் பிடித்தபடி அவள் அப்பா.
கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார்;
காலில் உப்பு, தரை கெட்டுவிடுமாம்.

குடும்பப்பெயர் என்றொரு கட்டம்.
"சாதியா கேக்குறாங்க?"
"இல்லம்மா, அப்பா பேரப் போடுவோம்,
எல்லாரும் அதான் போடுறாங்க."
கரண்டு போய்ப்போய் வந்தது. அடித்தேன்.
ஓர் எழுத்து விட்டுப்போனது.
நாகசாமி ஆங்கிலத்தில் நாக்சாமி ஆனார்.
மூன்று பேருமே கவனிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து
ட்ராய்ட்விச் என்ற ஊரிலிருந்து குரல்செய்தி:
"அண்ணே, என் வார்டுல ஒருத்தர், பேரு சால்ட்டர்.
உப்புக்காரர்னா அர்த்தம்?
பாத்துச் சொல்லுங்க, அப்பாகிட்ட சொல்லணும்."

பார்த்தேன்.
எழுநூறு வருஷத்துக்கு முன்
வரிக்கணக்கு எழுத வந்தவன் வாசலில் நின்று
"எந்த ஜான் நீ?" என்று கேட்டிருப்பான்.
ஒரே தெருவில் நாலு ஜான்:
ரொட்டி சுட்டவன், இரும்படித்தவன்,
நனைந்த கம்பளியை மிதித்தவன்,
உப்புக் காய்ச்சியவன்.
எழுதிக்கொண்டு போய்விட்டான்.
மகன் தையலுக்குப் போனாலும்
பெயர் உப்பிலேயே நின்றுவிட்டது.

அந்த ஊரில் கடல் இல்லை.
மண்ணுக்கடியில் ஊறும் உவர்நீரை
ஈயச் சட்டியில் விறகெரித்துக் காய்ச்சினார்களாம்.
"வெயில் கெடையாதா? பாவம்"
என்றார் நாகசாமி.
அப்புறம்,
"அவரு குதிகால் வெடிச்சிருக்கான்னு கேளு."

பூமயில் போர்வையை விலக்கிப் பார்த்திருக்கிறாள்.
வெண்ணெய் மாதிரி இருந்ததாம்.
பஸ் ஓட்டியவர்.
டாக்டர் சொல்லி இருபது வருஷமாய்
சாப்பாட்டில் உப்பே சேர்க்காதவர்.

உமணர் என்று நமக்கும் இருந்தார்கள்.
பத்தாம் வகுப்பில் வந்தது:
நெல்லுக்கு உப்பு மாற்றி வண்டி வண்டியாய்ப் போனார்கள்.
யாருடைய இனிஷியலிலும் அவர்கள் இல்லை.
இங்கே தொழிலைப் பெயரோடு ஒட்டினால்
டீக்கடையில் தம்ளர் மாறிவிடும்.
பாத்தியில் நாகசாமிக்குப் பெயர் "ஏய்."
மேஸ்திரி நோட்டில் அவர் பதினேழு.

இன்னொன்றும் படித்திருந்தேன்.
சில சால்ட்டர்களுக்கு உப்போடு உறவே கிடையாது.
மடியில் வைத்து மீட்டும் ஒரு நரம்புக்கருவி,
அதை வாசித்தவனின் பெயரும்
காதில் அப்படியேதான் விழும்.
தயங்கித்தான் சொன்னேன்.
நாகசாமி பீடிச் சாம்பலைத் தட்டினார்.
"எழுதுறவன் காது அப்படித்தான்."

போன வெள்ளிக்கிழமை, என் போனில்,
உப்பள வரப்பில் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.
அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரி கூப்பிட்டாள்:
"நர்ஸ் நாக்சாமி!"
இவர் எழுந்துவிட்டார். "என்னம்மா?"

அப்போதுதான் அந்த எழுத்து எனக்கு உறைத்தது.
திருத்திவிடலாம், ஒரு மாதம் ஆகும் என்றேன்.
பூமயில் வேண்டாமென்றாள்.
சம்பளச் சீட்டு, வங்கி, வீட்டு வாடகை,
எல்லாத்திலும் ஏறிவிட்டதாம்.
கல்யாணத்துக்கு அப்புறமும் மாற்றமாட்டாளாம்;
பிள்ளைகளுக்கும் அதுதானாம்.

நானூறு வருஷம் கழித்து
குளிரான ஓர் ஊரில் எவனோ தேடுவான்:
நாக்சாமி, அது என்ன தொழில்?

"தம்பி, பட்டா நகல் ஒண்ணு."
யாரோ வந்து நிற்கிறார்.
பேரு என்கிறேன்.
இப்போதெல்லாம் இரண்டு தரம் கேட்கிறேன்.