ஆறு பாகம்

முதல் பருவம், தொண்ணூற்றாறு அக்டோபர்,
வியாழன் இரவு பத்து மணி.
கிம்லியில் அன்று ஏரி இன்னும் உறையவில்லை.
திரையில் உறைந்திருந்தது.
பழைய மீன்கிடங்குக்குள்
உப்பும் மெழுகும் மூட்டை மூட்டையாகக் கொட்டி
நாங்கள் உறையவைத்த ஏரி அது.

விண்ணிலிருந்து விழுந்த ஏதோ ஒன்று
பனிக்கட்டிக்கு அடியில் கிடந்து
மூழ்கிப்போனவர்களின் குரலில் பேசும்.
அவ்வளவுதான் கதை.
பதின்மூன்று வாரம் ஊர் அதைப் பார்த்தது.
பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடியது,
ஏரி இருக்கும் பக்கம் மட்டும்.

என் வேலை தொடர்ச்சி.
காயம் இடக்கன்னத்திலா வலக்கன்னத்திலா,
மெழுகுவத்தி எதுவரை எரிந்திருந்தது,
செத்தவன் கண் திறந்திருந்ததா.
காசவன்ட் 'கட்' சொன்னதும்
அறுந்த இடத்தைக் குறிப்பேட்டில் தைத்துவைப்பேன்.

பால்மி ஐயோல்ஃப்சனுக்குச் சம்பளம் ஒன்று, வேடம் இரண்டு.
மீன்பிடிக்கும் கார்ல் அவன்தான்.
கார்லை உள்ளே இழுக்கும் ஜந்துவும் அவன்தான்.
முப்பது கிலோ ரப்பர். கழற்றும்போது
அவித்த உருளைக்கிழங்காக ஆவி பறக்கச் சிரிப்பான்.
வலைக்காரர் கணக்கில்
விரித்த இரு கை ஒரு பாகம்.
எங்கள் ஏரி பெரும்பாலும் ஆறு பாகம்.
ஜந்து கைவிரிக்கும் விதம் அங்கிருந்து வந்தது.
அணைக்கவா, ஆழம் பார்க்கவா என்று தெரியாமல்
பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

முன்பனி பின்பனி என்று பிரிக்க முடியாத ஊர்.
பனி, பிறகு கொசு.
தொலைக்காட்சிக்கும் பருவம் இரண்டுதான்:
விளம்பரம் வரும் காலம், வராத காலம்.

இரண்டாம் பருவத்தை ஏப்ரலுக்குத் தள்ளினார்கள்,
வெள்ளிக்கு மாற்றினார்கள்.
ஏழாம் பாகம் வரவேண்டிய இரவு
ஹாக்கி ஆட்டம் சமனில் நீண்டது.
நள்ளிரவு தாண்டி ஒரு கோல்.
பிறகு செய்தி. பிறகு வானிலை.
அடுத்த வாரம் நேராக எட்டு.

ஆறில் கார்ல் காபி குடித்துக்கொண்டிருந்தான்.
எட்டில் வெற்றுப் பெட்டியைப் புதைத்தார்கள்.
நடுவே என்ன ஆனதென்று
ரொட்டிக்கடைக்காரி கேட்டாள், பாதிரியார் கேட்டார்.
சொல்லக்கூடாதென்று ஒப்பந்தம்.
பால்மியையே வழிமறித்துக் கேட்டார்கள்.
"குளிர்ந்தது" என்றானாம்.

மூன்றாவதற்குள் நிலையம் கைமாறியது.
கோடையில், அதிகாலை இரண்டு மணிக்கு,
நான்கு, ஒன்று, ஒன்பது என்று
சீட்டுக்கட்டு கலைத்தாற்போல் போட்டார்கள்.
ஜெர்மனியில் மட்டும் வரிசை மாறவில்லை.
அங்கே ஜந்துவுக்குக் குரல் கொடுத்தது ஒரு பெண்
என்பதில் பால்மிக்கு ஏனோ பெருமை.

நான்காம் பருவம் எழுதி முடித்திருந்தது.
அந்தக் கட்டு என் நாற்காலியில் இருக்கிறது,
அதன்மேல் பூனை தூங்கும்.

பால்மி இரண்டாயிரத்துப் பதினொன்றில் போனான்.
ஏரியில் இல்லை. கணையத்தில்.

இந்தப் பிப்ரவரி, சொல்லாமல் கொள்ளாமல்,
மூன்று பருவமும் இணையத்தில் ஏறியிருந்தன.
விரல்விட்டு எண்ணினேன். ஏழு இருந்தது.
சாயம் மட்டும் பச்சையோடியிருந்தது.

பனியில் ஒரு துளை. கார்ல் குனிகிறான்.
கீழிருந்து அவன் முகமே மேலேறி வருகிறது.
பிறகு கை. நகம்.
ரப்பர் முடியும் இடத்தில்
ஒரு கைக்கடிகாரம்: நாலு இருபது.

பக்கத்துவீட்டு டாரில்
அதற்கு ஒரு கோட்பாடே வைத்திருக்கிறான்.
அந்த நிமிடத்தில்தான் காலம் பிளந்ததாம்,
ஜந்து எதிர்காலத்து கார்லாம்.
கேட்டுக்கொண்டு கேக் அறுத்துக் கொடுத்தேன்.

என் குறிப்பேட்டில் அன்றே இருக்கிறது:
'காட்சி முப்பத்தொன்று, நான்காம் டேக், கடிகாரம் தெரிகிறது.'
அதன் குறுக்கே ஒரு கோடு. என் கோடுதான்.
நாலரைக்கு அவன் மகளின் பியானோ வகுப்பு முடியும்.
உதடு நீலமாக அவன் கரையில் நின்றிருந்தான்.
இன்னொரு முறை இறங்கு என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

பெயர்கள் ஓடுகின்றன. தொடர்ச்சி: லெனோரா ஹனாட்யுக்,
ஒரு நொடிக்கும் குறைவாக.
மூலையில் ஒரு வட்டம் தேய்கிறது.
அடுத்த பாகம் ஒன்பது நொடியில். எட்டு. ஏழு.
அடுத்த பாகத்தில் அந்தப் பெட்டி.

ரிமோட்
பூனைக்கு அடியில் கிடக்கிறது.